ராஜிக்கு, கப்பல் ஏறுவதற்கு முன்

கோத்தகிரி
மார்ச் 9

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல் இன்னமும் பேனா பிடித்து எழுதுகிற ஆள் எனக்கு நீ ஒருத்திதான். பதிலையும் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தள்ளிப் போட்டதில் தாமதம்.

முதலில் ஊர்ச் செய்தி. ஜனவரிப் பனியில் பள்ளத்துப் பக்கத் தேயிலை முழுக்கக் கருகிப் போச்சு. இப்போதுதான் கொழுந்து தலைகாட்டுகிறது. பச்சைத் தேயிலை விலையை மட்டும் கேட்காதே, வயிறு எரியும். கரடி பழையபடி தெருவுக்கு வர ஆரம்பித்துவிட்டது. போன வாரம் கோயில் கதவை நெம்பி, விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் கார் நகர இடமில்லை என்று எழுதியிருந்தாய். ஊட்டியிலும் அதே கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகன் ஜூன் மாதத்துக்கு அலாஸ்கா கப்பலில் இடம் போட்டிருக்கிறான், அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவது, நீங்கள் போய் வந்தவர்களாச்சே, என்னென்ன எடுத்துப் போகணும் சொல்லு என்று கேட்டிருக்கிறாய். கூடவே, “குளிர் நமக்கென்ன புதுசா?” என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊர்க் குளிரை யோசித்துப் பார். டிசம்பரில் புல்மேல் உறைபனி படிகிறது, பூஜ்யம் டிகிரியைத் தொடுகிறது, எல்லாம் சரி. ஆனால் அது காற்றே இல்லாத ராத்திரிக் குளிர். வானம் தெளிந்து காற்றும் அடங்கினால்தான் உறைபனியே விழும். காலையில் வெயில் ஏறிவிட்டால் பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வோம். அலாஸ்காவில் ஜூன் மாதத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஜூனோ ஊருக்குள் பகலில் 15, 16 டிகிரி இருக்கும். சங்கதி எல்லாம் கப்பலின் மேல்தளத்தில்தான். கப்பல் மணிக்கு 30, 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றே வீசாத நாளிலும் அந்த வேகத்தில் முகத்தில் அறையும். 5 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்று பட்டால் தோலுக்கு அது பூஜ்யம் டிகிரி மாதிரிதான். அதோடு தூறல் வேறு. அந்தத் தூறலில், திமிங்கிலம் எழும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் அரைமணி நேரம் நிற்பாய். வீட்டில் குளிர்ந்தால் அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்தாவது சூடேற்றிக்கொள்வோம். அங்கே நிற்பதுதான் வேலையே.

கப்பலுக்குள் குளிர் கிடையாது, அதையும் தெரிந்துகொள். உள்ளே முழுக்கச் சூடேற்றி வைத்திருப்பார்கள், சாப்பாட்டு அறையில் பட்டுப்புடவையே கட்டலாம். ஆனால் நீ இவ்வளவு செலவழித்துப் பார்க்கப் போவதெல்லாம் வெளியேதான் இருக்கிறது. உடுப்பு சரியில்லாதவர்கள் ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். நான் அப்படி எத்தனையோ பேரைப் பார்த்தேன். அதனால் துணியில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. மிச்சம் பிடிக்க வேறு இடம் நிறைய இருக்கிறது.

உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், மேலும் கீழும். பருத்தி வேண்டாம், கம்பளியோ பாலியெஸ்டரோ இருக்கட்டும். பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. ஜீன்ஸ் அதைவிட மோசம், நனைந்தால் அந்தச் சின்ன அறையில் காயவே காயாது. தெர்மலுக்கு மேல் ஸ்வெட்டரோ ஃபிளீஸோ. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத, தலைமூடி வைத்த ஜாக்கெட். திபெத்தியன் மார்க்கெட்டில் விற்கிற தடித்த ஜெர்கின் நம் ஊர் ராத்திரிக்கு சொர்க்கம். ஆனால் அதில் பாதிக்கு மேல் மழைக்குத் தாங்காது, நனைந்தால் மூட்டையாகக் கனக்கும். கடைக்காரர் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றால் நம்பாதே. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்கு. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நனைந்தால் மாற்றிக்கொள்ள. கம்பளி சாக்ஸ். வழுக்காத ஷூ, ஏனென்றால் தளம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். குடை தண்டம், காற்றில் மடங்கிவிடும்.

புடவையை விடமாட்டேன் என்பாய், எனக்குத் தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்குக் கட்டிக்கொள். மேல்தளத்துக்கு சல்வார்தான். முந்தானை கப்பல் கொடி மாதிரி பறந்தால் அதைப் பிடிக்கவே இரண்டு கையும் சரியாகப் போகும், திமிங்கிலத்தை எங்கே பார்ப்பது?

மங்கி கேப் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள். மற்றவர்களின் ஸ்டைல் தொப்பியெல்லாம் காற்றில் பறந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்காரர் மட்டும் காதும் கழுத்தும் மூடி ஜம்மென்று நின்றார். ஒரு அமெரிக்கப் பாட்டி அதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுப் படம் வேறு எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இவருடைய அலட்டல் தாங்கவில்லை.

அடுத்தது விசா. இதை உடனே கவனி. உன்னிடம் அமெரிக்க விசா இருக்கிறது, அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவில் இறங்குகிறாய், அது போதும் என்றுதானே நினைக்கிறாய்? போதாது. 1886-இல் போட்ட சட்டம் ஒன்று இன்னும் அமலில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆட்களை வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவந்து இறக்கக் கூடாது. இந்தப் பெரிய கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா என்று வேறு நாட்டுக் கொடிதான். அதனால் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில், அநேகமாகக் கடைசி நாள் சாயங்காலம், சும்மா பேருக்குக் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நம் பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா வேண்டும். இல்லையென்றால் சியாட்டிலிலேயே ஏற விடமாட்டார்கள். கைரேகை கொடுக்க மலை இறங்க வேண்டியிருக்கும், இந்த மாதமே ஆரம்பித்துவிடு. மகனுக்கு அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் அவனுக்கு இது தோன்றவே தோன்றாது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் அவனிடம் கேள். பயணத் திட்டத்தில் ‘கிளேசியர் பே’, அதாவது பனியாறுகள் வந்து இறங்குகிற விரிகுடா, இருக்கிறதா? அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பலுக்கு மேல் விடுவதில்லை. எல்லாக் கப்பலும் போகாது, சில வேறு பனியாற்றைக் காட்டிவிட்டுத் திரும்பும். அவையும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விலை ஒன்றென்றால் கிளேசியர் பே போகிற கப்பலைப் பிடி.

அங்கே கப்பல் கரையில் நிற்காது. காலையில் பூங்கா வனக்காவலர்கள் சின்னப் படகில் வந்து ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். 1794-இல் வான்கூவர் என்ற மாலுமியின் ஆட்கள் வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்லும்படி எதுவுமே இல்லையாம், வாயை அடைத்துக்கொண்டு பனிச்சுவர் நின்றிருக்கிறது. இன்று அதே இடத்திலிருந்து கப்பல் உள்ளே சுமார் 100 கிலோமீட்டர் தண்ணீரில் போகிறது. அவ்வளவும் பனி பின்வாங்கிய இடம். கடைசியில் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பலை நிறுத்தி மெதுவாகச் சுற்றுவார்கள். ராஜி, அந்த நீலத்தை நான் எப்படிச் சொல்ல? சோப்பு நீலம் போட்டுக் கரைத்த மாதிரி வெடிப்புகளுக்குள் கிடக்கிறது. இறுகிப்போன பனிக்கட்டி சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறதாம். எல்லோரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். சுவரின் ஓரத்திலிருந்து ஒரு வீட்டளவு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது. அது தண்ணீரைத் தொட்ட பிறகுதான் இடி மாதிரி ஓசை வந்தது, கண்ணுக்கு முதலில், காதுக்கு அப்புறம். அதற்குப் பிறகு அலை மெள்ள வந்து கப்பலைத் தட்டியது. பக்கத்தில் நின்றவர் செல்போனை எடுத்தபோது அது அணைந்தே போயிருந்தது. குளிரில் பேட்டரி இப்படித்தான் காலை வாரும். செல்போனை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள். ஆனால் படம் எடுக்கிறேன் என்று அதையே பார்த்துக்கொண்டிருக்காதே. ஒரு பைனாகுலர் இருந்தால் போதும்.

அன்றைக்கு அதிகாலையிலேயே மேலே போய் இடம் பிடி. வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை, ஜூனில் அங்கே பகல் 18 மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கும் வானம் வெளுத்திருக்கும், திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். மழையும் ஜூனில் ஆகஸ்ட், செப்டம்பரைவிடக் குறைவு. குறைவு என்றால் அவர்கள் கணக்கில் குறைவு. கெட்சிகன் என்று ஒரு ஊருக்குப் போவீர்கள், வருடத்துக்கு 380 சென்டிமீட்டர் போல மழை. நாங்கள் இறங்கியபோதும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது, ஊர்க்காரர்கள் யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

வாந்தி பற்றிக் கேட்டிருந்தாய். வத்தலக்குண்டு மலைப்பாதையிலேயே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறவள் நீ. தீவுகளுக்கு நடுவே போகிற வரை கடல் குளம் மாதிரி இருக்கும், கவலையில்லை. ஆனால் சியாட்டிலில் இருந்து போகிற கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமாகத் திறந்த கடலில் போகும், அந்தப் பொழுதில்தான் ஆடும். அறை இன்னும் முடிவாகவில்லை என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேள். ஊஞ்சலின் நடுவே உட்காருவதுபோல ஆட்டம் அங்கேதான் குறைவு. தலை சுற்றினால் படுக்கையில் சுருளாமல் வெளியே வந்து தூரத்துக் கடல்கோட்டைப் பார். அவோமின் போடுவதானால் ஆட ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். பிரஷர் மாத்திரையோடு சேருமா என்று உன் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். இஸ்திரிப்பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கெட்டில் எல்லாம் கூடாது, தீ பயம். கப்பல் டாக்டரிடம் போனால் கட்டணம் தனி, அதுவும் டாலரில். காப்பீடு இல்லாமல் ஏறவே ஏறாதே. நடுக்கடலிலிருந்து ஆளை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், அந்தச் செலவையும் ஏற்கிற காப்பீடாகப் பார்த்து எடுக்கச் சொல். சேவைப்பணம் என்று தினமும் தலைக்கு இவ்வளவு எனக் கணக்கில் ஏறிக்கொண்டே வரும், கடைசி நாள் பில்லைப் பார்த்து மயங்காதே. செல்போனை ஏறின உடனே ஏரோப்ளேன் மோடில் போடு, இல்லாவிட்டால் கப்பலின் செல் சிக்னலைப் பிடித்துக்கொண்டு பில்லைத் தீட்டிவிடும்.

சாப்பாடு பிரச்சினை இல்லை. சைவம் என்று முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட்டால் பருப்பும் சப்பாத்தியும் செய்து தருகிறார்கள், உப்பு உறைப்புதான் இருக்காது. பொடியும் ஊறுகாயும் பாக்கெட்டாக எடுத்துப் போ. கப்பல் ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு கரையில் இறங்காதே, பழத்துக்கு அபராதம் போடுகிற ஊர் அது. சாப்பிடப் போகுமுன் சோப்பு போட்டுக் கை கழுவு. வாசலில் வைத்திருக்கிற சானிடைசரை நம்பாதே, கப்பலில் பரவுகிற வாந்திபேதிக் கிருமி அதற்கெல்லாம் அடங்காது.

ஏறினதும் முதல் வேலையாக ஆபத்துக்காலப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். 2012-இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்ததிலிருந்து, கப்பல் கிளம்பும் முன்பே இதை முடித்தாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் உன் உயிர்ப்படகு எந்தப் பக்கம் என்று நீயே ஒருதரம் நடந்து பார்த்துவிடு.

கரையில் இறங்குகிற ஊர்களில் ஸ்காக்வேயில் ஒரு மலை ரயில் உண்டு. தங்கம் தேடிப் போனவர்களுக்காக 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்தது, நம் குன்னூர் ரயிலுக்குச் சமவயசு. தண்டவாள அகலம் நம்முடையதைவிட நாலு விரற்கடை குறைவு. ஏற்றமும் 26 அடிக்கு ஒரு அடிதான், நம்முடையது 12 அடிக்கு ஒன்று, அதுவும் பல்சக்கரம் கடித்து ஏறுவது. எங்களுக்கு அது பெரிய அதிசயமாகப் படவில்லை. ஆனால் மலை ரயிலே இல்லாத கொடைக்கானல்காரி நீ, போய் வா. ஒன்று மட்டும் ஞாபகம் வை. அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால், கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று இறங்கும்போதே கேட்டுக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஜூனோவில் விட்டுவிட்டுப் போனால் பஸ் பிடித்துக்கூட அடுத்த ஊருக்குப் போக முடியாது, அந்த ஊருக்கு வெளியூர்ச் சாலையே கிடையாது. விமானம் இல்லாவிட்டால் படகு.

ஜாக்கெட் வாங்க அலையாதே. என்னுடையதை அடுத்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன், இங்கே பீரோவில்தான் தூங்குகிறது. உனக்குக் கை கொஞ்சம் நீளமாக இருக்கும். அதற்காக டெய்லரிடம் கொடுத்துவிடாதே, ஊசி போன இடமெல்லாம் தண்ணீர் புகும். அப்படியே மடித்துவிட்டுக்கொள்.

அன்புடன்,
கமலா