அந்த ஒரு "ஏன்?"

அன்பு மகளுக்கு,

நேற்று இசைச் சேனலில் நீ தொகுத்து வழங்கிய நேரலையை முழுவதும் பார்த்தேன். முன்னிசை ஓடும்போதே பேசி, பாடகர் குரல் எழுவதற்கு ஒரு நொடி முன்னால் முடித்தாயே, அந்தக் கணக்கு எனக்குக் கைவர இரண்டு வருடம் ஆனது. பூரித்துப்போனேன். ஆனால் நேர்காணலில் ஓர் இடம் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தக் கிட்டார் கலைஞர், "அன்றிலிருந்து எங்கள் குழுவில் யாரும் யாரோடும் பேசவில்லை" என்றார். நீ தலையசைத்துவிட்டு, அடுத்த ஆல்பம் எப்போது என்று கேட்டாய். காதுக்குள் கட்டுப்பாட்டு அறை "இன்னும் முப்பது நொடி" என்று சொல்லியிருக்கும். உன் பார்வை ஒரு கணம் உறைந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கும் இது நடந்தது. ஒரு மூத்த பாடகி, "இரண்டு வருடம் நான் வீட்டில்கூட முணுமுணுக்கவில்லை" என்றார். நானோ கையிலிருந்த அட்டையின் நான்காவது கேள்விக்குத் தாவினேன். விளக்குகள் அணைந்த பிறகு, மைக்கைக் கழற்றிக்கொண்டே, "ஏன் என்று கேட்பாய் என்று காத்திருந்தேன், அம்மா" என்றார் அவர். மறுபடி அவரைச் சந்திக்க வாய்க்கவில்லை. இன்றும் அந்தக் குரல் எனக்கு வலிக்கிறது.

அன்றோடு அட்டையில் கேள்விகள் எழுதுவதை விட்டேன். ஆண்டுகள், பெயர்கள், ஆல்பங்களின் வரிசை, இவை மட்டும்தான். தவறாகச் சொல்லிவிடக் கூடாதவை அவைதானே? கேள்வி எதிரில் இருப்பவரின் பதிலிலிருந்து வரட்டும். தயாரிப்பாளரிடமும் நிகழ்ச்சிக்கு முன்பே பேசி வை: நல்ல பேச்சு வந்துவிட்டால் கடைசிப் பாட்டை விட்டுவிடலாம் என்று. பாட்டை நாளைக்கும் போடலாம்.

கலைஞர்களின் மேலாளர்கள் "இதைக் கேட்காதீர்கள்" என்று பட்டியல் கொடுப்பார்கள். அமைதியாக வாங்கிக்கொள், வாக்கு மட்டும் கொடுக்காதே. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பவும் செய்யாதே.

1983இல் அமெரிக்க இசைச் சேனலான எம்டிவியின் தொகுப்பாளர் மார்க் குட்மேன், ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவியைப் பேட்டி எடுத்தார். இந்தச் சேனலில் கறுப்பினக் கலைஞர்களை ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள், அந்தச் சிலரும் ஏன் அதிகாலையில்தான் வருகிறார்கள் என்று போவி திருப்பிக் கேட்டார். தான் எடுக்காத முடிவுக்குக் குட்மேன் கேமரா முன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. உன் சேனல் யாரைக் காட்டாமல் விடுகிறது என்பதை நீயே முதலில் கேட்டுப் பார், மகளே. பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டு அதை விருந்தினரின் வாயிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது.

நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்துவிட்டார் என்ற செய்தியை 1994 ஏப்ரல் 8 அன்று எம்டிவியில் சொன்னவர் கர்ட் லோடர். பத்திரிகையிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தவர். நேற்றுவரை பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அன்று பதற்றமில்லாத, சரிபார்த்த வார்த்தை தேவைப்பட்டது. உனக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். சிரித்த முகம் மட்டும் அன்றைக்குப் போதாது.

அந்தக் கிட்டார் கலைஞரின் எண் உன்னிடம் இருக்கும். இன்றே அழைத்து, நேற்று விட்டுவிட்டேன், என்ன நடந்தது என்று கேள். அவர் பேசத் தொடங்கினால் குறுக்கே பேசாதே.

அன்புடன்,
அம்மா