ஆர்ம் சர்வர்கள் முறையாக நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம் பகுதி மீன் கம்பெனிகள் சிலவற்றின் கொள்முதல் கணக்கைக் கிளவுட் சர்வரில் (இணையவழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினியில்) வைத்துப் பராமரித்து வருகிறேன். வாடகை குறைவு என்பதால் ஆர்ம் (கைபேசிகளில் பரவலாக உள்ள வகை) செயலி கொண்ட சர்வருக்கு மாறினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாததால், அதுவரை சர்வரை நிறுத்திவைக்கலாம் என்று கருதி, கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ‘நிறுத்து’ என்பதை அழுத்தினேன். ஜூனில் மீண்டும் இயக்கியபோது, தடைக்கு முன் கரை திரும்பிய கடைசிப் படகுகளின் இறால், நண்டு எடைப் பதிவுகளில் ஒரு பகுதியைக் காணவில்லை. எடை போட்டவர்கள் துண்டுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தியிருந்ததால்தான் படகுக்காரர்களுக்குச் சேர வேண்டிய பணம் தப்பியது.

காரணத்தைத் தேடிக் கண்டறிந்தேன். ‘நிறுத்து’ என்றதும் சர்வருக்குப் பவர் பட்டன் அழுத்தப்பட்டது போன்ற சைகைதான் செல்கிறது. இன்டெல் வகைச் சர்வர்களில் அது ஏசிபிஐ என்னும் மின் மேலாண்மை முறை வழியாக வருவதால் பெரும்பாலான லினக்ஸ் இயங்குதளப் பதிப்புகள் தாமாகவே புரிந்துகொள்கின்றன. ஆர்ம் மெய்நிகர் சர்வர்கள் சிலவற்றிலோ அது ஜிபிஐஓ என்னும் இணைப்பு முனை வழியாக, ஒரு விசை அழுத்தமாக வருகிறது. அதற்குரிய டிரைவர் (வன்பொருளைக் கையாளும் மென்பொருள்) இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இல்லாவிட்டாலும், விசையைக் கவனிக்கும் சேவை இயங்காவிட்டாலும், அந்த அழுத்தம் எவர் காதிலும் விழாமல் போய்விடுகிறது. குறித்த நேரம் காத்திருந்துவிட்டு (ஓப்பன்ஸ்டாக் என்னும் கிளவுட் மென்பொருளில் இயல்பாக 60 விநாடிகள்) மின்சாரத்தைத் துண்டிப்பதுபோல் சேவை நிறுவனத்தார் சர்வரை அணைத்துவிடுகிறார்கள். நினைவகத்தில் இருந்து வட்டுக்கு இன்னும் எழுதப்படாத பதிவுகள் அத்தோடு போய்விடுகின்றன. நான் பயன்படுத்திய, அளவு குறைக்கப்பட்ட இமேஜில் (சர்வரில் நிறுவும் இயங்குதளத் தொகுப்பில்) அந்த டிரைவர் இல்லை.

என்னை மிகவும் வருத்துவது, அன்று கட்டுப்பாட்டுப் பக்கம் ‘நிறுத்தப்பட்டது’ என்று மட்டும் காட்டியதுதான். முறையாக நின்றதா, வலுக்கட்டாயமாக அணைக்கப்பட்டதா என்பதைச் சேவை நிறுவனங்கள் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். ஆர்ம் இமேஜ்களை வெளியிடுவோர், சர்வர் இயங்கத் தொடங்குவதைச் சோதிப்பது போலவே அது நிற்பதையும் சோதித்த பிறகே வெளியிட வேண்டும்.

அதுவரை, நம் பகுதியில் இத்தகைய சர்வர் வைத்திருப்போர் சர்வருக்குள் லாகின் செய்து ‘பவர்ஆஃப்’ கட்டளை கொடுத்தே நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பொத்தானை நம்புவதென்றால், கணக்கு ஏதும் ஏற்றாத நாளில் ஒருமுறை அழுத்திப் பார்த்து, மீண்டும் இயக்கியதும் முந்தைய இயக்கத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் (லாக்) பவர் பட்டன் அழுத்தப்பட்டதாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேடு வட்டில் சேமிக்கப்படும்படி முன்பே அமைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.