லிங்க் அனுப்பினால் பயிற்சியாகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு ஊழியர் பயிற்சியைப் பாதி நேரிலும் பாதி இணையவழியிலும் நடத்துவது நல்ல யோசனைதான். 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, அரசு ஊழியர்களின் திறனை வளர்ப்பதற்கான கர்மயோகி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபின் இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் என்னைப் பவானிசாகரில் உள்ள அரசு ஊழியர் பயிற்சி நிலையத்துக்கு அழைத்தார்கள். அதற்குள் பக்கத்து சீட்காரரைப் பார்த்து எல்லாத் தப்பையும் கற்றுக்கொண்டிருந்தேன். வரும் தபால்களைப் பதியும் தன்பதிவேடு எழுதுவது, முடிந்த கோப்பை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கான குறியீடுகளில் எதை கே.டிஸ். என்று முடிப்பது, எதை டி.டிஸ். என்று முடிப்பது எல்லாமே குத்துமதிப்பு. இதற்கெல்லாம் திரை போதும். சேர்ந்த முதல் வாரமே பார்த்துவிடலாம், மறந்தால் திரும்ப ஓட்டலாம். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவந்து விடுதியில் இரவெல்லாம் தூங்காமல் கிடந்த சக ஊழியர்களை நினைத்தால், விடுதி நாட்கள் குறைவதும் நல்லதுதான்.

ஆனால் ஒரு மனுவின் மேல் என்ன செய்யலாம் என்று கோப்பில் குறிப்பு எழுதுவது திரையில் வராது. பவானிசாகரில் ஒருநாள் எல்லோருக்கும் ஒரே மனுவைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். நான் ‘தக்க நடவடிக்கைக்காகப் பணிந்தனுப்பப்படுகிறது’ என்று முடித்திருந்தேன். வகுப்பெடுத்த பெரியவர் அதைச் சத்தமாக வாசித்தார். “தம்பி, யாரு செய்யணும்? என்ன செய்யணும்? எப்ப செய்யணும்? மனு கொடுத்தது உங்க அப்பாவா இருந்தாலும் இப்படித்தான் எழுதுவீங்களா?” வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை எழுதப்போன போதெல்லாம் என் பேனா நின்றுவிடும்.

பணியின் கடைசிக் காலத்தில் ஓர் இணையவழிப் பயிற்சியும் வந்தது. காலையில் லிங்க், மாலைக்குள் முடிக்க வேண்டும். எதிரே வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அம்மா நிற்கிறார், என் ஒரு காதில் ஹெட்போன். செல்போனை மேசை இழுப்பறைக்குள் ஓடவிட்டு வேலையைப் பார்த்தேன். கடைசியில் வந்த கேள்விகளுக்கு எங்கள் பிரிவுத் தம்பி ஒருவர் விடை கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். பிரிவில் இருந்த நான்கு பேருக்கும் பயிற்சி முடித்த சான்றிதழ் வந்தது. பாடம் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தப்பு செல்போன் மேல் இல்லை. பவானிசாகருக்குப் போகிறவர் சீட்டின் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். லிங்க் வந்தவரிடம் யாரும் பொறுப்பை வாங்கிக்கொள்வதில்லை. தபாலும் அவருக்குத்தான், மனுதாரரும் அவருக்குத்தான், அப்புறம் பயிற்சியும் அவருக்குத்தான். இணையவழிப் பாடத்துக்கு வாரம் அரை நாள் ஒதுக்கி, அந்த நேரத்தில் அந்த சீட்டை யார் பார்ப்பார் என்ற பெயரையும் பயிற்சி ஆணையிலேயே போட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்,
திண்டுக்கல் மாவட்டம்.