உருளைக்கிழங்கு உரித்தவர் விமானி ஆன வழி

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. விமானப்படையில் சேர்ந்துவிட்டால் விமானம் ஓட்டக் கொடுத்துவிடுவார்கள் என்று உன் பேரன் நினைத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். வியட்நாம் போரில் லாவோஸ் காட்டில் பிடிபட்டு, சிறையிலிருந்து தப்பி வந்த அமெரிக்கக் கடற்படை விமானி டீட்டர் டெங்லரைப் பற்றி அவனுக்குச் சொல். அவரும் இதே நம்பிக்கையோடுதான் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

1938இல் கருங்காட்டுப் பகுதியிலுள்ள வில்ட்பெர்க்கில் பிறந்தவர். அப்பா இரண்டாம் உலகப் போரில் இறந்துவிட்டார். பஞ்சத்தில், குண்டு விழுந்த வீடுகளின் சுவர்த்தாளை அம்மா உரித்து வந்து வேகவைப்பாராம். ஒட்டின பசையில் கொஞ்சம் சத்து இருக்குமே! 14 வயதில் கொல்லன் பட்டறை. 18இல் நியூயார்க். ஒரு வாரத்துக்கு மேல் தெருவிலேயே கிடந்து, 1957 ஜூனில் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்தார்.

முதலில் கிடைத்தது உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை. பிறகு வண்டி மெக்கானிக். பட்டறையில் பழகின கை என்பதால் அடுத்து துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவு. விமானிப் பயிற்சிக்கான தேர்வில் தேறியும், பட்டதாரிகளைத்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பணிக்காலமும் முடிந்தது. தடை எங்கே என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சான்பிரான்சிஸ்கோ பக்கம் சகோதரரோடு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தபடியே கல்லூரியில் சேர்ந்தார். சான் மட்டேயோவில் விமானவியல் படித்தார். இரண்டு வருடப் படிப்பு கைக்கு வந்ததும் கடற்படையின் கேடட் (பயிற்சி விமானி) திட்டத்துக்கு மனுப் போட்டார். எடுத்துக்கொண்டார்கள்.

அவருக்குக் கிடைத்தது ஸ்கைரெய்டர் என்ற புரொப்பெல்லர் தாக்குதல் விமானம். ஒற்றை எஞ்சின், 18 சிலிண்டர், சுமார் 2,700 குதிரைத்திறன். ஜெட் காலத்திலும் அதைக் கழிக்காததற்குக் காரணம், நிறையச் சுமக்கும், இலக்கின் மேல் வெகுநேரம் சுற்றும். ஆனால் அடங்காத வண்டி. விமானம் தாங்கிக் கப்பலில் இறங்கும் மெதுவான வேகத்தில், எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைத் திடீரென்று தள்ளினால், புரொப்பெல்லர் சுழலும் விசையின் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் புரட்டிவிடும். இறக்கைக்கு அதைத் தடுக்கும் அளவுக்குக் காற்று கிடைக்காது. அதனால் சக்தியைப் படிப்படியாக ஏற்றி, விமானத்தின் வால் சுக்கானைத் திருப்பும் வலது ரட்டர் மிதியை மிதிக்க வேண்டும். இன்னொன்று, அப்போது அதில் எஜெக்‌ஷன் சீட் (ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே எறியும் அமைப்பு) கிடையாது. மூடியைத் திறந்து பக்கவாட்டில் ஏறிக் குதிக்க வேண்டும். தாழப் பறக்கும்போது அதற்கு எங்கே நேரம்? 1966 பிப்ரவரி 1 அன்று லாவோஸ் மேல் அடிபட்டபோது, விமானத்தோடேயே காட்டில் இறங்கினார். மறுநாள் பிடிபட்டார்.

அதற்கு முன் நடந்த கடற்படையின் உயிர்பிழைப்புப் பயிற்சியில் எல்லாரும் இளைப்பார்கள். அவருக்கோ எடை கூடியது. சமையல்காரர்கள் குப்பையில் போட்டதைக்கூட எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். சுவர்த்தாள் தின்று வளர்ந்தவருக்கு அருவருப்பு ஏது! அந்த வயிறுதான் சிறையிலும் காட்டிலும் அவரைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

ஜூன் 29இல் மற்ற கைதிகளோடு சிறையிலிருந்து தப்பினார். ஜூலை 20 அன்று யூஜீன் டீட்ரிக் என்ற விமானி ஆற்று வளைவில் திரும்பும்போது வெள்ளையாக ஏதோ தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தார். வெளிச்சக் குண்டோடு விழுந்திருந்த பாராசூட் துணியை ஆட்டிக்கொண்டு டெங்லர் நின்றிருந்தார். ஹெலிகாப்டரிலிருந்து முனை கூம்பிய கனத்த உலோக உருளையைக் கம்பிக் கயிற்றில் இறக்கினார்கள். கிளைகளில் மாட்டாமல் கீழே வருவதற்காக அந்த வடிவம். பக்கங்களில் மடித்திருக்கும் இருக்கையை விரித்து உட்கார்ந்து, பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மேலே இழுத்ததும் எதிரியோ என்று அவரை அமுக்கிச் சோதித்தார்கள். உடைக்குள் இருந்தது பாதி தின்ற பாம்பு. 71 கிலோ இருந்த மனிதர், அன்று 44தான்.

அப்புறமும் விமானத்தை விடவில்லை. கடற்படையிலிருந்து விலகி டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனத்தில் பயணிகள் விமானம் ஓட்டினார். 2001இல் காலமானார்.

நம் விமானப்படையிலும் ஏர்மேன் (அதிகாரி அல்லாத படைவீரர்) வாசல் வேறு, விமானி வாசல் வேறு. ஓட்டுபவர்கள் எல்லாரும் அதிகாரிகள். பன்னிரண்டாம் வகுப்பில் பேரன் கணக்கும் இயற்பியலும் எடுத்திருக்கிறானா? அதை முதலில் எழுது.

அன்புடன்,
ராமநாதன்