கண்ணாடிய மாட்டிட்டு போனா எஃப்சி ஆயிருமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. அஸ்தம்பட்டி பக்கம் டூவீலர் பட்டறை வெச்சிருக்கறவன் எழுதறேன். 2010, 2011 வாக்குல ரோட்டுக்கு வந்த ஸ்ப்ளெண்டர், பேஷன், டிஸ்கவர், எக்ஸ்எல் எல்லாம் இப்ப ஒன்னு பின்னால ஒன்னா 15 வருஷம் முடிச்சு ஆர்சி ரினிவலுக்கு நிக்குது. நம்ம ஆளுக அத எஃப்சின்னுதான் சொல்லுவாங்க, அதுவும் எப்ப பட்டறைக்கு வருவாங்கன்னா நாளைக்கு காலைல ஆர்டிஓ ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட வண்டிய காட்டணும்னா இன்னைக்கு பொழுது சாஞ்சப்பறம் வந்து நின்னு, அண்ணா ரெண்டு கண்ணாடி மட்டும் குடுங்கண்ணா, காட்டிட்டு கழட்டி கொண்டாந்து தந்தர்றேன்ம்பாங்க.

தேறாம திரும்பி வர்ற வண்டிகள பாத்தா பாதிக்கு மேல சில்லறை வேலைதாங்க. ஹாரன் அடிக்காது, இல்லன்னா லாரி ஹாரன் மாட்டியிருப்பாங்க. இண்டிகேட்டர் ஒரு பக்கம் ஒடஞ்சு தொங்கும், ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்து வருஷக்கணக்காகி முள்ளு பூஜ்யத்துலயே படுத்திருக்கும், நம்பர் பிளேட்டுல நம்பர விட தலைவர் படம் பெருசா இருக்கும். சேலை கார்ட அழகா இல்லன்னு கழட்டி வீட்டு பரண்ல போட்டுருப்பாங்க, ஆனா பின்னால ஒக்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்க பாதி வீலுக்காவது மறைப்பு இருக்கணும்னு சட்டத்துலயே இருக்குதுங்க.

பிரேக் லைட்டு தனிக்கதை. பெடல மிதிச்சா எரியணும், எரியாது. பல்பு போயிருச்சுன்னு புது பல்ப வாங்கிட்டு வந்துருவாங்க, பல்பு நல்லாத்தான் இருக்கும், பெடலுக்கு மேல ஒரு சின்ன சுவிட்ச்சும் அதுல இருந்து பெடலுக்கு ஒரு மெல்லிசு ஸ்பிரிங்கும் இருக்கும், சேறும் தண்ணியும் பட்டு அந்த ஸ்பிரிங் துருப்புடிச்சு அந்து விழுந்திருக்கும். பத்து நிமிஷ வேலைங்க, அதுக்கு ஒரு நாள் கூலிய விட்டுட்டு ரெண்டாவது தடவ போயி நிக்கறாங்க.

சேஸிஸ் நம்பர்லயும் இதே பாடுதான். ஹேண்டில் கழுத்துல துரு ஏறி, அதுமேல பெயிண்டும் அடிச்சு வெச்சிருந்தா தாள வெச்சு பென்சில தேச்சு பிரிண்ட் எடுத்தா ஒன்னும் தெரியாது. தயவு செஞ்சு அங்க கிரைண்டர் போட்ராதீங்க, நம்பரையே அழிச்ச மாதிரி ஆயிரும், அப்பறம் போலீஸ் கேள்வி வரைக்கும் போகும். டீசல்ல துணிய நனச்சு ஊற வெச்சு பொறுமையா தொடச்சா போதும். புகை டெஸ்ட்டும் அப்படித்தான், இந்த 2010, 2011 வாக்கு பெட்ரோல் டூவீலருக்கு புகையில சிஓ, அதாவது கார்பன் மோனாக்சைடு, 3.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும், தாண்டுனா இன்ஜின் போச்சுன்னு பயந்துருவாங்க, பல வண்டியில ஏர் ஃபில்டர் அடச்சிருக்கறதுதான் காரணம்.

ஆனா நான் எழுத வந்தது வேறங்க. இதெல்லாம் கண்ணுக்கு தெரியற கொற, மாட்டிட்டு போனா தேறிரும். உயிர எடுக்கறது உள்ள இருக்குது. ட்ரம் பிரேக் வண்டியில பின் வீல் பிளேட்டுல பாத்தீங்கன்னா பல மாடல்ல ஒரு அம்புக்குறி இருக்கும், பிரேக்க முழுசா மிதிக்கறப்ப அந்த அம்பு பிளேட்டுல இருக்கற கோட்ட தொட்டுட்டா உள்ள ட்ரம்ம புடிக்கற பிரேக் ஷூ தீந்து போச்சுன்னு அர்த்தம். நம்மாளு என்ன பண்றாருன்னா, ஷூ மாத்தாம, அட்ஜஸ்ட்மென்ட்டும் கடைசி மரை வரைக்கும் வந்தப்பறம் பிரேக் ராடு மாட்டற லீவர கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டிக்கறாரு. பெடல் சும்மா கும்முனு நிக்கும், கிரவுண்டுல ஓட்டி காட்டுனா பாஸ் ஆனாலும் ஆயிரும். உள்ள ஷூவ விரிக்கற கேம் ஏற்கனவே முழுசா திரும்பி நிக்குது, ஷூவுல லைனிங் இல்ல. இப்படிப்பட்ட வண்டியிலதான் ஏற்காடு ஏறி எறங்கறாங்க.

20 கொண்டை ஊசி வளைவுங்க. பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு வண்டிய ஆஃப் பண்ணி நியூட்ரல்ல அடிவாரம் வரைக்கும் உருட்டிட்டு வர்றவங்கள தினமும் பாக்கலாம். இன்ஜின் புடிக்காததால மொத்த பாரமும் பிரேக்குமேலயே விழுகுது, ட்ரம் சூடேறி பாதி வழியிலயே புடிக்காம போயிரும், சாவிய ஆஃப்ல வெச்சதால பிரேக் லைட்டும் எரியாது, பனி எறங்கற நேரத்துல பின்னால வர்ற பஸ்ஸுக்காரருக்கு முன்னால ஒரு வண்டி இருக்கறதே தெரியாது. இதுல டயர் பட்டன் தேஞ்சு மொழுக்குன்னு இருந்து, ஹேண்டில் கழுத்து பேரிங்கான கோன் செட்டும் ஆடுச்சுன்னா கேக்கவே வேண்டாம். முன் வீல தூக்கி ஹேண்டில மெதுவா திருப்பி பாருங்க, நடுவுல கடக்குனு ஒரு எடத்துல மாட்டுதுன்னா கோன் செட் போச்சு.

அதனால அதிகாரிங்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடி, ஹாரன் பாக்கற அதே கண்ணோட அந்த அம்புக்குறியையும் பாருங்க. வண்டிய திருப்பி அனுப்பறப்ப எதுக்காகன்னு ஒரு சீட்டுல தமிழ்ல எழுதி குடுங்க, "வண்டி கண்டிஷன் இல்ல"ன்னு வாயில சொன்னா புரோக்கருக்குத்தான் லாபம். ரினிவல் ஃபீஸ் டூவீலருக்கு 1000 ரூபா, 20 வருஷம் தாண்டுனா 2000, லேட்டானா மாசத்துக்கு 300, பசுமை வரி தனி. தேதி முடியறதுக்கு 60 நாள் முன்னாலயே விண்ணப்பம் போடலாம்ங்கறது பாதி பேருக்கு தெரியாது, அதையும் வாசல்லயே ஒரு போர்டுல எழுதி வைக்கலாம்.

இன்னொன்னு, நாகலூர், மஞ்சகுட்டை பக்கம் எஸ்டேட் வேலைக்கு போறவங்க காட்டறதுக்குன்னே அந்த பிரேக்கோட மலை எறங்கி வர வேண்டியிருக்கு. மாசத்துல ஒரு நாள் தவறாம ஏற்காட்டுலயே முகாம் போட்டு அங்கயே பாத்து, என்ன மாத்தணும்னு சொல்லி அனுப்புங்க. ஷூ, கேபிள், சுவிட்ச் மாட்டிக் குடுக்க எங்கள மாதிரி பட்டறைக்காரங்க வரத்தயாரா இருக்கோம், கூலி வேண்டாம், சாமான் காசு குடுத்தா போதும்.

இப்படிக்கு,
டூவீலர் மெக்கானிக்,
அஸ்தம்பட்டி, சேலம்.