நாய்க்கு நாம் பட்டிருக்கும் நன்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆசையாய் வாங்கிய குட்டியை ஏழெட்டு மாதம் ஆனதும் ‘சொன்ன பேச்சே கேட்கமாட்டேங்குது’ என்று நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடுகிறார்கள். சிலர் ஊர் எல்லையில் இறக்கிவிட்டும் போகிறார்கள். சுமார் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை நாய்க்கு விடலைப் பருவம். பழகியதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். அது திமிர் அல்ல, வயசு.

அந்த நாட்களில் அது எவ்வளவு பொறுத்துப்போகிறது என்பது நம் கண்ணில் படுவதில்லை. அப்பா ‘கம்’ என்பார், அம்மா ‘வா’ என்பார், பிள்ளைகள் ‘இங்க வாடா’ என்பார்கள். எது தனக்கான சொல் என்று தெரியாமல் நாய் நிற்கும்; நாம் குரலை உயர்த்துவோம். அப்போது அதன் முகத்தைப் பாருங்கள். தூக்கம் வராமலே கொட்டாவி விடும், நாக்கால் மூக்கை நக்கும், தலையை ஒருபக்கம் திருப்பிக்கொள்ளும். பதறிப்போயிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. கடிக்கப் பல் இருந்தும் கொட்டாவியோடு நிறுத்திக்கொள்கிறதே, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் விதத்தில்தான் அந்தக் கடனைத் தீர்க்க முடியும்.

கூப்பிட்டால் வர வைப்பதைச் சொல்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல். 10 மீட்டர் கயிறு, அதைக் கட்ட மார்புப் பட்டை. கழுத்துப் பட்டையில் கட்டினால் வெட்டி இழுக்கும்போது குரல்வளையில் அடிபடும். ஒருமுறை மட்டும் கூப்பிட்டு இரண்டடி பின்னால் நகருங்கள். வந்து சேர்ந்த நொடியே பட்டாணி அளவு வேகவைத்த முட்டை. ஒரு முட்டையைக் கிள்ளிக் கிள்ளி 30 தடவை கொடுக்கலாம். கொடுத்ததும் மறுபடி விளையாட விடுங்கள். முக்கால்வாசிப் பேர் தவறுவது இங்கேதான்: வந்ததும் பிடித்துக் கட்டினால், வந்தால் கட்டுவார்கள் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். தாமதமாக வந்ததற்கு அடித்தால் இன்னும் மோசம். வந்ததற்கு விழுந்த அடியாகவே அதற்குப் படும்.

ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளைக்கு மூன்று வேளை போதும். வயிறு நிறைய களி தின்ற நாய் முட்டைக்கும் அசையாது. சாப்பாட்டுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு எட்டு முறை வந்தால் வாசலிலிருந்து வயலுக்குப் போகலாம். ஐந்துக்குக் குறைந்தால் இடம் கடினம் என்று பொருள், வாசலுக்கே திரும்புங்கள். ஆடு மேயும் இடத்தில் பழக்குவது கடைசியில்தான். போச்சம்பள்ளிச் சந்தை நாளில் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். முடிக்கும்போது, அதற்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்ய வைத்து, தட்டிக்கொடுத்து முடியுங்கள்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று கேட்காமல் போனால் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து படுத்துவிடும், கூப்பிட்டாலும் எழாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மாந்தோப்பில் பழக்குகிறவர்கள் பழக்காலத்தில் தரையைக் கூட்டிவிட்டுத் தொடங்குங்கள். மாங்கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
நாய் வளர்ப்போர் சிலர்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.