தமிழில் சொன்ன சாட்சியம் தமிழிலேயே பதிவாகட்டும்

பெறுநர்:
தகவல் தொழில்நுட்ப இயக்குநரகம்,
கேரள உயர் நீதிமன்றம், எர்ணாகுளம்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மூணாறில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவன் எழுதுகிறேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, வாய்தா தேதியைச் சொல்லி அனுப்புவது, சாட்சியை எஸ்டேட்டிலிருந்து காலை ஜீப்பில் கூட்டிவந்து கோர்ட் வராந்தாவில் உட்காரவைப்பது எல்லாம் என் வேலை. சட்டம் படித்தவனில்லை. ஆனால் கூண்டில் நிற்பவர் சொல்வது என்ன, காகிதத்தில் ஏறுவது என்ன என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கென்று நீங்கள் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை எங்கள் ஆபீசில் வரி விடாமல் படித்தோம். தீர்ப்போ உத்தரவோ முடிவோ எடுப்பதற்கு இந்தக் கருவிகளை எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கருவிகளை மட்டுமே தொடலாம். மொழிபெயர்ப்பு எடுத்தால் தகுதியான மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும். எங்கெல்லாம் பயன்படுத்தினோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். நாட்டிலேயே இதுதான் முதல் என்று பத்திரிகைகள் எழுதின. பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு, நவம்பர் 1 முதல் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தை 'அதாலத் ஏஐ' என்கிற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நவம்பர் 1 கேரளப் பிறவி நாள். 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரிந்தபோது அதே தேதியில்தான் செங்கோட்டை தமிழகப் பக்கம் போக, தமிழர் வாழும் எங்கள் தேவிகுளமும் பீருமேடும் கேரளப் பக்கம் தங்கின. தேதி குறித்தவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். எங்கள் டீக்கடை பெஞ்சில் மட்டும் அதை யாரும் நினைக்காமல் விடவில்லை.

கொள்கையை எழுதியவர்களின் கவலை முழுக்கத் தீர்ப்பின் மேல் இருக்கிறது. என் கவலை அதற்கு முந்தைய படியில். மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அவர் கையில் இருப்பது காகிதம். அதில் ஒரு வரி பிசகினால், தீர்ப்பை மனிதரே உட்கார்ந்து எழுதினாலும் பிசகிய வரியை வைத்துத்தான் எழுதுவார்.

இயந்திரம் வருவதற்கு முன் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. சாட்சி தமிழில் சொல்வார். வக்கீல் மலையாளத்தில் கேட்பார். நீதிபதி கேள்வியையும் பதிலையும் சேர்த்து ஒரு வாக்கியமாக்கி ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ டைப் அடிக்கச் சொல்வார். ஒரு வழக்கைச் சொல்கிறேன். எந்தக் கோர்ட், யார் கட்சி என்பது வேண்டாம். லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில், தண்ணீர்ப் பைப்பை வைத்து ஆரம்பித்த அடிதடி. பார்த்த சாட்சி, கொழுந்து கிள்ளும் ஓர் அம்மா. கூண்டில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதல் விசாரணையில் இன்னார் கட்டையால் அடித்ததைப் பார்த்தேன் என்று தெளிவாகச் சொன்னார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தி, இருட்டில் ஆளை அடையாளம் தெரிந்திருக்காது, சரிதானே என்று கேட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார்.

தமிழ் காதில் விழுந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். நான் பார்த்ததைச் சொல்லிவிட்டேன், படித்த மனுஷன் நீ கோபப்படுகிறாய், உன்னோடு என்னால் மல்லுக்கு நிற்க முடியாது, அவ்வளவுதான். எஸ்டேட்டில் மேனேஜரை இன்றைக்கும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். துரை முன்னால் ஒற்றை ஆளாக நின்று 'இல்லை' என்று சொல்லிப் பழகாத நாக்கு அது. (2015-ல் போனஸை வெட்டியபோது பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று மூணாறு ரோட்டை மறித்து உட்கார்ந்தவர்களும் இதே பெண்கள்தானே என்று கேட்பீர்கள். கூட்டத்தில் எழும் குரல் கூண்டில் எழாது.) ஆனால் டைப்பில் ஏறியது, இருட்டில் ஆளை அடையாளம் தெரியவில்லை என்று சாட்சி ஒப்புக்கொண்டதாக.

இதே இடத்தில் இயந்திரம் இருந்திருந்தால்? இரண்டு விதமாக நடந்திருக்கும். அவர் சொன்னதைத் தமிழில் அப்படியே எழுதியிருந்தால் அது பெரிய உபகாரம்; 'நீங்க சொன்னா சரிதான் சார்' என்ற வரி கேஸ் கட்டில் இருக்கும், மேல்கோர்ட்டில் எங்கள் வக்கீல் அதைத் தூக்கிக் காட்டி வாதாடியிருப்பார். மாறாக, காதில் வாங்கியதை நேரே மலையாளமோ ஆங்கிலமோ ஆக்கியிருந்தால் 'ஆம், சரி' என்று இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். அது பழையதை விட மோசம். பழைய முறையில் இப்படி மாற்றியவர் இன்னார் என்று கைகாட்டவாவது ஓர் ஆள் உண்டு.

ஆகவே நான் கேட்பது எளிய கேள்வி. தமிழில் பேசும் சாட்சி கூண்டில் ஏறும்போது திரையில் எந்த மொழியைத் தேர்வு செய்யச் சொல்லியிருக்கிறீர்கள்?

சட்டம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 312-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 277: சாட்சி கோர்ட் மொழியல்லாத வேறு மொழியில் பேசினால், இயன்றால் அந்த மொழியிலேயே பதியலாம், இயலாவிட்டால்தான் கோர்ட் மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பு. இத்தனை வருஷமும் எங்கள் சாட்சியங்கள் அந்த 'இயலாவிட்டால்' வழியாகத்தான் போயின. தமிழ் டைப்பிஸ்ட் இல்லை, ஷார்ட்ஹேண்ட் தெரிந்தவர் இல்லை; நியாயமான காரணம், மறுக்கவில்லை. இன்று? 22 அட்டவணை மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பு மாதிரியைச் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-லேயே இலவசமாக வெளியிட்டுவிட்டது. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் கருவி சாதாரண போனில் இருக்கிறது. என் மகள் அதில்தான் மெசேஜ் அனுப்புகிறாள். டைப்பிஸ்ட் இல்லை என்ற காரணத்தை நீங்கள் கொண்டுவந்த இயந்திரமே காலி செய்துவிட்டது. இனி தமிழில் பதியாமல் விட்டால் அது இயலாமை ஆகாது.

எங்களுக்கு இன்னொரு தனித் தொல்லை உண்டு. தமிழ் தங்களுக்குப் புரியும் என்று மலையாளிகள் எல்லாரும் நம்புகிறார்கள். சினிமா பார்க்கிறார்கள், பக்கத்து மாநிலம், பாதி சொல் ஒன்றுதான். ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர் கூண்டில் ஏறினால் உடனே மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார்கள். தமிழருக்குத் தேடுவதில்லை. "சம்சாரம் அங்கதான் இருந்துச்சு" என்று ஒரு பெரியவர் தன் மனைவியைச் சொன்னால், மலையாளத்தில் அது பேச்சுவார்த்தை ஆகிவிடும். மனிதக் காது முன்பின் கேட்டுத் திருத்திக்கொள்ளும். மலையாளத்துக்கு முடுக்கிவைத்த இயந்திரம் தயங்காமல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்; அந்த எழுத்து அச்சு அசலாக அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

இயந்திரம் எல்லாக் குரலையும் ஒன்றுபோலக் கேட்பதில்லை என்பது நிரூபணமானது. 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஐந்தின் பேச்சறி மென்பொருள்களையும் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 தவறு. கறுப்பின மக்கள் பேச்சில் 35. இரு தரப்பும் பேசியது ஆங்கிலம்தான். எங்கள் தமிழோ கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் மலையேறி, மலையாளத்தோடு கலந்து, 'பெரட்டு' (காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவது), 'லயம்' என்று தனக்கென்று ஒரு சொல்வழக்கை வளர்த்துக்கொண்ட தமிழ். செய்தி வாசிப்பவரின் தமிழைக் கேட்டுப் படித்த இயந்திரத்துக்கு அது பிடிபடுமா என்று சோதிக்காமல் கேஸ் கட்டில் சேர்க்கக் கூடாது.

அதைவிட என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. ஓப்பன்ஏஐயின் விஸ்பர் என்ற மென்பொருளை ஆராய்ந்து 2024-ல் ஒரு கட்டுரை வந்தது. ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில், யாருமே பேசாத வாக்கியங்களை அது தானாக எழுதியிருந்தது. பேச்சின் நடுவே நீண்ட இடைவெளி விடுகிறவர்களிடம் இந்தக் கற்பனை அதிகம். நீங்கள் தேர்ந்தெடுத்த கருவி அப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோதனையை மலைக்கோர்ட்டுகளில் செய்து முடிவை வெளியிடுங்கள் என்கிறேன். கூண்டில் நீண்ட இடைவெளி விடுகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவர், போக்சோ வழக்கில் வந்த சிறுமி, பயந்துபோன வேலைக்காரர். அவர்களுடைய மௌனத்தை எதுவும் நிரப்பிவிடக் கூடாது. தலையாட்டலும் அப்படித்தான். 'ம்' என்றால் ஆமாம், 'ம்ஹூம்' என்றால் இல்லை. மைக்கை விட்டு முகத்தைத் திருப்பினால் இரண்டும் ஒன்றுதான். சாட்சியின் நடவடிக்கை பற்றி முக்கியமென்று படுவதை நீதிபதி குறித்துவைக்க அதே சன்ஹிதாவின் 315-ஆம் பிரிவு இடம் தருகிறது. திரையில் எழுத்து ஓடுவதையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் குறிப்பை எழுத யாருக்கு ஞாபகம் வரும்?

இனி வாசித்துக் காட்டுவது. 313-ஆம் பிரிவின்படி, சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பதிந்த மொழி அவருக்குப் புரியாவிட்டால் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். நடப்பது தெரிந்ததே. மதியம் ஆகிவிடும், அடுத்த கேஸ் கூப்பிட்டாயிற்று, வாசித்துக் கேட்டேன் சரி என்ற வரிக்குக் கீழே கைநாட்டு விழும். இயந்திரம் வேகமாக எழுதினால் மிச்சமாகும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குத் திரையைக் காட்டிப் பயனில்லை. தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் நிதானமாக, வரிவரியாக, அவர் காதில் விழ வாசிக்க வேண்டும். திருத்தம் சொன்னால் முதலில் எழுதியதை அழிக்காமல் பக்கத்தில் திருத்தத்தைப் பதிய வேண்டும். ஒலிப்பதிவை மேல்முறையீடு முடியும்வரை வைத்திருங்கள். எழுத்தில் சண்டை வந்தால் காதால் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவு என்றதும் இன்னொரு பயம். அந்தக் குரல் எந்த சர்வரில் இருக்கும், யார் கேட்கலாம்? 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீதிமன்றப் பணிக்குப் பெருமளவு விலக்கு கொடுத்திருக்கிறது. ஆகவே எங்களுக்கு அரண் உங்கள் கொள்கை ஒன்றுதான். சாட்சியின் குரலை எந்த மென்பொருளுக்கும் பயிற்சிக்குக் கொடுக்க மாட்டோம் என்று அதில் வெளிப்படையாக எழுதுங்கள். எங்கள் தமிழ் இயந்திரத்துக்குப் பழக வேண்டுமா, தாராளமாகப் பழகட்டும். ஊர் ஊராகப் போய்ப் பேசவைத்துப் பதிந்த 'இண்டிக்வாய்ஸஸ்' தொகுப்பை ஏஐ4பாரத் செய்துகாட்டியிருக்கிறது. அதேபோல லயத்துக்கு வாருங்கள், சம்மதம் வாங்குங்கள், கூலி கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசுவார்கள். கூண்டில் அழுததை எடுத்துப் பாடம் நடத்த வேண்டாம்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தங்கள் மொழியில் எழுதிக்கொள்ள வழிசெய்தது. அது கோர்ட்டைக் கட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழர்களுக்கும் காசர்கோட்டுக் கன்னடக்காரர்களுக்கும் இதே கேள்விதான் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பயன்பாட்டுப் பதிவேடு வைக்கச் சொல்லி உங்கள் கொள்கையே சொல்கிறது. அதில் நான்கு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: சாட்சி பேசிய மொழி, இயந்திரம் எழுதிய மொழி, சாட்சிக்கு வாசித்துக் காட்டிய மொழி, வாசித்தவர் பெயர். கட்டங்களை நிரப்பாமல் சாட்சியத்தைக் கேஸ் கட்டில் ஏற்றக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அடுத்த கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறப்பதற்குள் அது வந்தால், சாட்சிகளைக் கூட்டிவரும்போதே வராந்தாவில் வைத்து நானே அவர்களுக்கு விளக்கிச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
மூணாறு.